தடுப்புக்கு அந்தப் பக்கம்

சேறு படாத படம் ஒன்று இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டார்கள்.

என் தங்கை போய் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. அவள் வேலை பார்த்த ஈரநில ஆய்வு நிறுவனம் அவள் நினைவாக மாநாடு நடத்தப் போவதாகவும், அறிவியலையும் மக்களையும் ஒன்றுசேர்ப்பதுதான் அதன் நோக்கம் என்றும், மேடையில் வைக்கப் பெரிய படம் வேண்டும் என்றும் தொலைபேசியில் சொன்னார் ஒருங்கிணைப்பாளர். அது அவர் பதவியின் பெயர்.

"சேறு இல்லாம அவ எங்க தம்பி இருந்தா?" என்றேன்.

"இல்லக்கா, முகம் தெளிவா தெரிஞ்சா நல்லாருக்கும்னு டைரக்டர் சொன்னார்."

"பள்ளிக்கூடத்துல எடுத்தது இருக்கு. ரெட்டைப் பின்னல், மூக்கு ஒழுகிட்டிருக்கும். அனுப்பட்டுமா?"

அவர் மின்னஞ்சல் முகவரியைச் சொல்ல ஆரம்பித்தார். நானும் அதற்கு மேல் குத்தவில்லை. கோபத்தை ஆள் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும் என்று அந்த மாதங்களில் தெரிந்துகொண்டிருந்தேன். இருந்ததிலேயே சேறு குறைவாக இருந்த படத்தை அனுப்பினேன். கன்னத்தில் மட்டும் ஒரு தீற்றல், காய்ந்து வெளுத்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவேன். ஆள் இல்லாத நாட்களில் எழுத்துப் பலகையைக் காட்டிக் கண்ணும் பார்ப்பேன். நான் பார்த்தது இவ்வளவு உலகம்தான். மற்றதையெல்லாம் அவள்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாள், பெரும்பாலும் செருப்பில்.

அவளுக்கு நாரை என்று பெயர் வைத்தவர் சதுப்பின் மதகுக்காரர். நீளமான கால்கள், தண்ணீரில் இறங்கினால் அசையாமல் நிற்பாள். அவள் ஆய்வு செய்தது ஊரின் மழைநீரெல்லாம் போய்ச் சேரும் அந்தச் சதுப்பில். நடுவில் ஒரு வாய்க்கால், இரு கரையிலும் ஆள் உயரத்துக்கு நாணல். வாய்க்காலின் தலையில் மதகு. மேலே நீர்த்தேக்கம் நிறைந்தால் அவர் மதகைத் திறந்து வாய்க்காலில் தண்ணீரை விட வேண்டும். நாரை நீண்ட குழாயைச் சேற்றில் அழுத்தி, உள்ளே மாட்டும் சேற்றைத் தூண் போல உருவி எடுப்பாள். அதில் அடுக்கடுக்காகப் பழைய வெள்ளங்களும் பழைய வறட்சிகளும் இருக்கும் என்பாள். எனக்கு எல்லா அடுக்கும் ஒரே கறுப்பாகத்தான் தெரிந்தது. அதைச் சொன்னால், "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுற, உனக்கு ஒண்ணு மாட்டிக்கயேன்" என்பாள்.

மாதம் ஒரு முறை சதுப்பின் ஓரத்தில் கூட்டம் நடத்தினாள். ஆராய்ச்சியாளர்கள், நாணல் அறுக்கும் பெண்கள், படகுக்காரர்கள், பறவை பார்ப்பவர்கள், நகராட்சிப் பொறியாளர், மதகுக்காரர் எல்லோரும் வருவார்கள். நாற்காலி கிடையாது. ஒரே ஒரு விதி: ஒற்றைக் காலில் நிற்க முடிகிற வரைக்கும்தான் பேசலாம். கால் ஊன்றிவிட்டால் பேச்சு முடிந்தது. மெத்தப் படித்தவர் ஒருவர் தன் ஆய்வின் முன்னுரையிலேயே சேற்றில் விழுந்தார். அடுத்த மாதம் மூன்றே வாக்கியத்தோடு வந்தார்.

நாணல் அறுக்கும் பெண்களில் மூத்தவர் யார் எதைச் சொன்னாலும் "அதனால என்ன?" என்று கேட்பார். அவர் பெயரே அதனாலென்னக்கா என்று ஆகிவிட்டது. சேற்றில் சேரும் கரிமத்தைப் பற்றி ஒருவர் வாய் நிறையச் சொற்களோடு பேசியபோதும் அதையே கேட்டார். பேசியவர் தள்ளாடியபடி யோசித்துவிட்டு, "இந்தச் சேறு ஊர்ப் புகையைத் தின்னு வச்சிருக்குக்கா. வடிச்சுக் காயவச்சா தின்னதையெல்லாம் கக்கிடும்" என்றார்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா கால் வலிச்சிருக்காதே" என்றார் அதனாலென்னக்கா.

நீர்க்காகம்தான் மீனையெல்லாம் தின்றுவிடுகிறது என்று படகுக்காரர்கள் சாதித்தபோது, இந்தச் சதுப்பின் நீர்க்காகம் கக்கிய உருண்டைகளைப் பொறுக்கிவந்து, உள்ளே கிடந்த முட்களைக் கையில் வைத்துக் காட்டினாள் நாரை. எல்லாம் யாரும் விலைக்கு வாங்காத பொடிமீனின் முட்கள். கத்திவிட்டு ஒத்துக்கொண்டார்கள். இப்படித்தான் நடந்தது. இவர் அவருக்குச் சொன்னார், அவர் இவருக்குச் சொன்னார். நடுவில் யாரும் இல்லை.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் சங்கைப் பற்றிய முடிவும் எடுத்தார்கள். மதகைத் திறக்கும் முன் ஒரு மின்சங்கு ஊதும். கூடு கட்டும் பருவத்தில் அந்தச் சத்தத்துக்குப் பறவைகள் மொத்தமாக எழுந்துவிடும், வெயிலில் முட்டைகள் வெந்துபோகும், மிச்சத்தைக் காக்கை தூக்கிவிடும் என்றார்கள் பறவை பார்ப்பவர்கள். ஆகவே அந்தப் பருவத்தில் மட்டும் சங்கு வேண்டாம். எல்லோருக்கும் பொதுவாக வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. வாய்க்காலில் இறங்குகிறவர் அதில் 'இறங்குகிறேன்' என்று போட வேண்டும். மதகுக்காரர் 'திறக்கிறேன்' என்று போட வேண்டும். அதைப் பார்த்து உள்ளே இருப்பவர் ஏறிவிட வேண்டும். எல்லோரும் ஒரே குழுவில் இருக்கிறார்கள் என்பதை நம்பி எடுத்த முடிவு அது. நாரையும் கை தூக்கினாள், மதகுக்காரரும் கை தூக்கினார்.

அந்தக் குழுவில் வேறு என்னென்னவோ வரும். மதகுக்காரர் விடிந்ததும் ஒரு ரோஜாப்பூ போடுவார், கீழே ஒரு அறிவுரையோடு. யாருடைய நாயோ காணாமல் போயிருக்கும். நாணல் கட்டு விலை வரும். டைரக்டருக்கு இது பிடிக்கவில்லை. "காலையில எனக்கு முதல்ல ரோஜாப்பூ வருது, அப்புறம்தான் அமைச்சகத்துலேர்ந்து கடிதம் வருது" என்று ஊழியர்களிடம் சொல்லியிருக்கிறார். குழுவை இரண்டாக்கினார்கள். ஒன்று நிபுணர் குழு, மற்றது சமூகக் குழு. நிறுவன ஊழியர்களை எல்லாம் சமூகக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், நாரையையும் சேர்த்து. ஒருங்கிணைப்பாளர் மட்டும் இரண்டிலும் இருப்பார். முக்கியமானதை அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் அனுப்புவார்.

பிரித்த அன்று மாலை நாரை கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டாப் பிரிச்சிட்டாங்கக்கா."

"பூத்தொல்லை விட்டுச்சுன்னு இரேன்."

"பூ போனா போகட்டும். மத்தது? நான் இறங்குறது மதகு அண்ணனுக்கு எப்படித் தெரியும்? கேட்டா, அதுக்குத்தான் ஒருங்கிணைப்பாளர் இருக்காரேங்கிறார் டைரக்டர். அண்ணன் ஒருங்கிணைப்பாளருக்குத் தபால்காரர்னே பேர் வச்சிட்டாரு."

"சண்டை போட்டியா?"

"போட்டேன். நடைமுறைங்கிறார். பேச்சுக்குப் பேச்சு நடைமுறை. ஒத்தக்கால்ல நிக்க வச்சிருந்தா அந்த வார்த்தையே வந்திருக்காது." முக்காலியிலிருந்து எழுந்து எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தூரத்திலிருந்தே மடமடவென்று வாசித்துக் காட்டினாள். அவள் கண் அப்படி.

சில மாதங்கள் தபால்காரர் ஒழுங்காகத்தான் அனுப்பினார். அவர் சோம்பேறி இல்லை. அது நடந்த அன்று அவரை வெளியூரில் ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். மக்கள் பங்கேற்பு பற்றிய பயிற்சி. முழுக் கவனம் வேண்டும் என்று வாசலில் எல்லோருடைய கைபேசியையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கூடு கட்டும் பருவம். மேலே மழை. நீர்த்தேக்கத்திலிருந்து மதகைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். நாரை நிபுணர் குழுவில் போட்டாள்: 'இறங்குகிறேன். வளைவுக்கு அப்பால்.' மதகுக்காரர் சமூகக் குழுவில் போட்டார்: 'திறக்கிறேன். உள்ளே யாரும் இருக்கிறீர்களா?' நாங்கள் கரையில் இருக்கிறோம் என்று நாணல் பெண்கள் பதில் போட்டார்கள். வேறு பதில் வரவில்லை. காத்திருந்தார். குரல் கொடுத்தார். வளைவுக்கு அப்பால் நாணலைத் தாண்டிக் குரல் போகாது. திறந்தார்.

அவளை நாணல் பெண்கள்தான் கண்டெடுத்தார்கள். அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

மதகுக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரணை போட்டார்கள், சங்கு ஊதவில்லை என்று. நிறுவனம் விசாரணைக்கு எழுதிக் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் அவளைப் பற்றி ஒரே வரி: 'சங்கு ஊதப்படாத நிலையில், குழுவில் தரப்பட்ட முன்னறிவிப்பையும் கவனியாமல் ஊழியர் வாய்க்காலில் இறங்கினார்.' ஒரே வரியில் செத்தவள் மேலும் பழி, உயிரோடு இருப்பவர் மேலும் சந்தேகம். பிரித்தவர்கள் மட்டும் அந்த வரியில் எங்குமே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே சோறுகூட இல்லை, வெறும் தட்டு. நடந்தது எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை. டைரக்டர் வீட்டுக்கு வந்தபோது கேட்டேன். "சரியான நேரத்துல, சரியான இடத்துல பேசுறேன்மா" என்றார். மாநாடு முடிந்த வாரத்தில் நிறுவனம் தன் கடைசி வாக்குமூலத்தைத் தர வேண்டும். அதோடு மதகுக்காரரின் வேலை முடிந்துவிடும்.

நினைவுப் பரிசை என் கையால் கொடுக்க வேண்டும் என்று அழைத்தார்கள். போனேன். எனக்கு வேண்டியது ஒரு வாக்கியம். டைரக்டர் வாயால், எல்லோர் முன்னாலும்.

மாநாடு நிறுவனத்தின் புதுக் கட்டடத்தில் நடந்தது. வாசலில் கழுத்தில் மாட்ட அட்டை தந்தார்கள். நிபுணர்களுக்கு நீலம், சமூகத்துக்குப் பச்சை. எனக்கு வெள்ளை. அதில் 'குடும்பம்' என்று அச்சடித்திருந்தது. பெரிய மண்டபத்தை நடுவில் மடிப்புத் தடுப்பு ஒன்றை இழுத்து இரண்டாக்கியிருந்தார்கள். நீலத்தின் பக்கம் மேடை, மெத்தை வைத்த நாற்காலி. பச்சையின் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி, மேடையில் நடப்பதைக் காட்ட ஒரு திரை.

நடைபாதையில் மதகுக்காரர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பச்சை அட்டை.

"நான் வந்திருக்கக் கூடாது தங்கச்சி."

"ஏண்ணே? உங்களைக் கூப்பிட்டுத்தானே வந்திருக்கீங்க?"

"படத்தைப் பாத்தியா?"

"இன்னும் உள்ள போகல."

"சேத்தைத் தொடச்சிட்டாங்க."

போய்ப் பார்த்தேன். ஆள் உயரப் படம். கன்னத்துத் தீற்றலைக் கணினியில் அழித்திருந்தார்கள். அந்த இடத்தில் தோல் பூச்சு வேலை செய்த சுவர் மாதிரி வழவழவென்று இருந்தது. சிரிப்பும் அவளுடையதாக இல்லை. செத்தவளின் முகத்தைக்கூட அவர்கள் வசதிக்குக் கழுவிக்கொண்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

டைரக்டர் பேசினார், இரண்டு காலிலும் நின்று. அவள் ஒரு பாலம் என்றார். அறிவியலின் கரையையும் மக்களின் கரையையும் இணைத்தவள் என்றார். உரையாடல் என்றார், பகிர்வு என்றார், ஒன்றாக நடப்போம் என்றார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தொட்டிலை ஆட்டுவதற்கு ஒலிபெருக்கி வைத்துப் பார்த்தது அன்றுதான். அவர் மூக்கில் இருந்த கண்ணாடி நான் பொருத்தியது. எட்டத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒன்று.

பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். நத்தைகளைப் பற்றி ஆராயும் ஒரு பெண்ணுக்குப் பரிசு. அவள் எழுந்து வந்தாள். நான் கேடயத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு ஒலிவாங்கியை எடுத்தேன்.

"எனக்கு முட்டிவலி. ஒத்தக்கால்ல நிக்க முடியாது. ஆனா சுருக்கமாச் சொல்றேன். அன்னைக்கு என் தங்கச்சி 'இறங்குகிறேன்'னு ஒரு செய்தி போட்டா. மதகுக்காரர் 'திறக்கிறேன், உள்ளே யாரும் இருக்கிறீர்களா'ன்னு ஒரு செய்தி போட்டாரு. இது அவருக்குத் தெரியல, அது அவளுக்குத் தெரியல. ஏன் தெரியலன்னு டைரக்டர் சொல்லணும். சொல்லிட்டா பரிசைக் குடுத்துட்டுப் போயிடுறேன்."

நீல அட்டைக்காரர்கள் டைரக்டர் பக்கம் திரும்பினார்கள்.

"உங்க வேதனை எங்களுக்குப் புரியுதும்மா" என்றார் டைரக்டர். "ஆனா இது அதுக்கான இடம் இல்ல."

"ஒன்றுசேர்வோம்னு உங்க தலைக்கு மேல எழுதியிருக்கு சார். வேற எந்த இடம்?"

ஓரத்தில் நின்றிருந்த ஒருங்கிணைப்பாளர் மேடைக்கு அருகே வந்தார். முகம் வெளிறியிருந்தது. "நான்தான்க்கா. நான்தான் அனுப்பியிருக்கணும். என் தப்புதான்."

அதைக் கேட்டதும் டைரக்டரின் தோள்கள் ஒரு விரற்கடை இறங்கின. அந்த நிம்மதியை நான் பார்த்தேன். அந்த நொடியில் எனக்கு வந்த கோபம் அதற்கு முன் வந்ததில்லை. மதகுக்காரர் போதாதென்று இன்னொரு தலை கிடைத்துவிட்டது.

"நீ இல்ல தம்பி. நீ போய் உக்காரு. உன் போனை வாங்கிக் கூடையில போட்டவங்க வேற. நேருக்கு நேர் பேசிக்கிட்டிருந்தவங்களுக்கு நடுவுல தபால்காரர் எதுக்கு? அதை யார் வச்சது? அதைத்தான் நான் கேக்குறேன்."

யாரோ சைகை காட்டினார்கள். என் ஒலிவாங்கி செத்துப்போனது. பச்சைப் பக்கத்துத் திரையும் நின்றுவிட்டிருக்க வேண்டும். தடுப்பில் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் ஒரு கை, பிறகு பல கைகள். "கேக்கல" என்று பெண்குரல்கள்.

"அண்ணே" என்று என் சொந்தக் குரலில் கத்தினேன். "அதைத் திறங்க."

தட்டுவது நின்றது. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதகுக்காரரின் குரல் வந்தது.

"திறக்கிறேன். அந்தப் பக்கம் யாராவது ஒட்டி நிக்கிறீங்களா?"

இங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

"யாராவது நிக்கிறீங்களான்னு கேட்டேன். பதில் சொல்லுங்க. சொல்லாம நான் திறக்க மாட்டேன்."

அன்றும் அவர் இதைத்தான் கேட்டார். கேட்கச் சொன்ன இடத்தில்தான் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவளை அங்கிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

பரிசு வாங்க வந்த நத்தைப் பெண் மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். தடுப்பின் ஓரமாக நாற்காலியைப் போட்டிருந்த இரண்டு பேரை எழுப்பித் தள்ளி நிற்க வைத்தாள். கீழும் மேலும் பார்த்தாள். "யாரும் இல்லண்ணே. திறங்க" என்றாள்.

தடுப்பு மடிந்து மடிந்து சுவரோரம் போய் ஒண்டியது. அந்தப் பக்கத்து மக்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் இந்தப் பக்கம் பாய்ந்து வரவில்லை. சும்மா பார்த்தார்கள். மதகுக்காரர் படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டைரக்டருக்கு இப்போது ஒலிவாங்கி வேண்டியிருக்கவில்லை. தகவல் தொடர்பில் உள்ள சவால்களைப் பற்றி ஆரம்பித்தார். நிறுவனத்தின் வளர்ச்சியில் சில நடைமுறை மாற்றங்கள் தவிர்க்க முடியாதவை என்றார்.

"அதனால என்ன?" என்றார் அதனாலென்னக்கா.

டைரக்டர் நிறுத்திவிட்டு, தரவுகளின் தரத்தைப் பேண வேண்டிய பொறுப்பு என்று வேறு வழியில் போனார்.

"அதனால என்ன சார்?"

யாரோ பின்னாலிருந்து, "ஒத்தக்கால்ல நின்னு சொல்லச் சொல்லுக்கா, சீக்கிரம் வந்துடும்" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது. நீல அட்டைக்காரர்களிலும் சிலர் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். உதவிக்கு யாரும் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

காலைத் தூக்கவில்லை. ஆனால் சொன்னார்.

"குழுவைப் பிரிச்சது நான். அதனாலதான் அந்தச் செய்தி அவங்களுக்குப் போகல."

"அவர் மேல தப்பு உண்டா?" என்று மதகுக்காரரைக் காட்டிக் கேட்டேன்.

"இல்ல."

"என் தங்கச்சி மேல?"

"இல்ல."

"இதையே எழுதிக் குடுங்க" என்றேன். கேடயத்தை எடுத்து நத்தைப் பெண்ணிடம் கொடுத்தேன். படத்தைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் தடுக்கவில்லை. வீட்டில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். பழைய படம், சேறு உள்ளது, அலமாரியில் இருக்கிறது.

அத்தனை பேர் கேட்ட பிறகு எழுதித் தராமல் இருக்க அவரால் முடியவில்லை. மதகுக்காரர் மறுபடி வேலைக்குப் போகிறார். குழு ஒன்றாகிவிட்டது. என்னையும் சேர்த்துவிட்டார்கள். விடிந்ததும் ரோஜாப்பூ வருகிறது. சேர்ந்த சில நாளில் 'டைரக்டர் வெளியேறினார்' என்று ஒரு வரி வந்தது. அதனாலென்னக்கா மட்டும் தன் கேள்வியைப் போட்டார்.

சங்கு திரும்ப வந்துவிட்டது, கூடு கட்டும் பருவத்திலும். முட்டைகள் வீணாகின்றன என்று பறவை பார்ப்பவர்கள் சேற்றுக் கூட்டத்தில் கெஞ்சிப் பார்த்தார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை, நாரை இருந்திருந்தால் ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பாள். மதகுக்காரர் ஒற்றைக் காலில் நின்று, "ஊதுவேன்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் காலை ஊன்றினார். ஊதிய பிறகும், வளைவு வரைக்கும் யாராவது போய்ப் பார்த்துப் பதில் போட்டால்தான் திறக்கிறார். தாமதமாகிறது என்று நீர்த்தேக்கத்தில் திட்டுகிறார்களாம்.

கடைவரைக்கும் சங்கு கேட்கிறது. போன வாரம் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதியதும் பறவைகள் கூட்டமாக எழுந்து, தெருவின் மேலே கலைந்து பறந்தன. வாடிக்கையாளர் பலகையை விட்டுவிட்டு வாசல்பக்கம் திரும்பினார்.

"பாவம், பறவைங்க" என்றார்.

"ஆமா" என்றேன். "கடைசி வரியைப் படிங்க."